பழக்களிக்கு ஒரு பஸ் பயணம்

அம்மாவுக்கு நாக்கு செத்துப்போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஐந்து நாள் காய்ச்சல்தான். ஆனால் போகும்போது சும்மா போகாமல் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. தேங்காய்ப்பால் சொதி வைத்துக் கொடுத்தால் "வெந்நி குடிச்ச மாதிரி இருக்கு" என்பாள். மீன் குழம்பு வைத்தால் "இதுவும் வெந்நிதான், கொஞ்சம் சிவப்பா இருக்கு" என்பாள். எனக்காக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பைய நகர்த்தி வைத்து, "வயிறு நிறைஞ்சிட்டு" என்று கூசாமல் பொய் சொல்வாள்.

டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, சாப்பிடாததுதான் கோளாறு என்றார். கேட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். என் அம்மா எழுபத்திரண்டு வயதுவரை வாயைத் திறந்து இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்டவள் இல்லை. புடவைக் கடைக்குக் கூட்டிப் போனாலும் விற்பனைப் பெண் கையில் எது இருக்கிறதோ அதுவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறவள். கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை ஓடத் தொடங்கியிருந்தது. எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துவிட்டது. ஆபீஸில் உட்கார்ந்து ஃபைல் புரட்டும்போதும் அந்த வளையல்தான் கண் முன்னால் ஓடும்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம், டி.வி.யில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் வாழைப்பழத்தை மசித்துக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவள், யாரிடமோ சொல்வதுபோல, "உங்கப்பா செய்யுத பழக்களி இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்" என்றாள்.

நான் எழுந்த வேகத்தில் ரிமோட் கீழே விழுந்து பேட்டரி கட்டிலுக்கடியில் உருண்டது. அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா கேட்டுவிட்டாள்!

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாஞ்சோலை மலைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். மத்தியானம் வண்டியை எடுத்தால் சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்து, அங்கேயே தங்கி, காலையில் இறங்கி வருவார். போகும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு தோட்டக்காரர் அவருக்குச் சிநேகிதம். வாரத்துக்கு ஒருமுறை, லேசாக மஞ்சள் தட்டிய ஏத்தம்பழச் சீப்பு ஒன்றைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். நேந்திரம் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்களே, அதுதான். மறுநாள் அப்பா வீடு வரும்போது ஒரு தோளில் காக்கிச் சட்டையும் இன்னொரு தோளில் அந்தச் சாக்கும் இருக்கும்.

அப்பாவுக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஆனால் அதைச் செய்யும்போது அவர் பண்ணுகிற அட்டகாசம் இருக்கிறதே, ஒரு கல்யாணத்துக்கே சமைக்கிற மாதிரி இருக்கும். "எல்லாரும் வெளிய போங்க" என்று எங்களை விரட்டி, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வார். பழத்தை மசித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டி, கடைசியில் நெய்யில் வறுத்த தேங்காய்ச் சில்லைத் தூவி இறக்குவார். இவ்வளவுதான் என்று எங்களுக்கும் தெரியும், அக்கம்பக்கத்துக்கும் தெரியும். ஆனாலும் அவர் செய்தால் வருகிற அந்த ருசி வேறு யார் செய்தாலும் வராது. அம்மா கேட்டால் வலது கையை விரித்துக் காட்டி, "எல்லாம் இதுல இருக்கு. கைமணம்" என்பார். நாற்பது வருடம் அந்த ஒரு வார்த்தையை வைத்தே வீட்டில் ராஜாங்கம் நடத்தினார். ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கைமணத்தையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

அல்வாவுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஒரு களியைக் கிண்டத் தெரியாதா என்ற திமிரில்தான் முதல்நாள் இறங்கினேன். நல்ல பழமாகப் பார்த்து வாங்கி, உடன்குடிக் கருப்பட்டி தட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் முதல் பால் இரண்டாம் பால் என்று முறையாகப் பிழிந்து, பொன் நிறத்தில் இறக்கினேன். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எங்கள் வீட்டில் 'நல்லாத்தான் இருக்கு' என்றால் அதற்குமேல் அப்பீலே கிடையாது.

சார்ஜாவில் இருக்கும் தம்பியை வீடியோவில் கூப்பிட்டேன். அவன் அங்கே ஏதோ குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். ஆனால் பழக்களி என்றதும் அடுப்படி சூப்பர்வைசர் ஆகிவிட்டான். "யக்கா, அப்பா சாதிக்காய் போடுவாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றான். "சுக்குதாம்லே" என்றேன் நான். "சாதிக்காய்தான்." "நீ அப்ப டவுசர் போடாம திரிஞ்சே, உனக்கு என்னலே தெரியும்?" அதோடு பேச்சுவார்த்தை இல்லை. சுக்குப் போட்டு ஒன்று செய்தேன், யாருக்கும் தெரியாமல் சாதிக்காய் போட்டும் ஒன்று செய்தேன். இரண்டுமே வெந்நி. நாலாவதாக, இன்னும் கொஞ்சம் கிண்டினால் சரியாக வரும் என்று கிண்டியதில் கரண்டி சட்டியிலேயே நட்டமாக நின்றுவிட்டது. மிச்சத்தையெல்லாம் சாப்பிட்டுத் தீர்க்கும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில். அவர் தாடையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே, "பாத்ரூம்ல ஒரு டைல்ஸ் கழந்து கெடக்கு, அத ஒட்ட இதுல கொஞ்சம் எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா முதல்நாள் ஒரு கரண்டி சாப்பிட்டாள், பிறகு அரைக் கரண்டி, கடைசித் தடவை கரண்டியை நாக்கில் தொட்டுவிட்டு வைத்துவிட்டாள். "விடுட்டி, அவரு போனாரு, அதும் போச்சு" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை. அம்மாவாக வாய்திறந்து கேட்டது இது ஒன்று. இதையும் கொடுக்க முடியாவிட்டால் அவள் இனி எதையும் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஆபீஸ் விட்டு, பாளை மார்க்கெட்டில் ஐந்தாவது தடவையாக ஏத்தம்பழம் வாங்கினேன். டவுன் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். "யக்கா, பைய இங்கன வைங்க, பழம் சட்னி ஆயிரும்" என்று பானெட்டைத் தட்டிக் காட்டினார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியபடி மேடாக இருக்குமே, அது. வைத்தேன். வண்ணார்பேட்டையில் வண்டி நின்றது நின்றதுதான். முன்னால் எங்கோ ஒரு லாரி குறுக்கே கிடக்கிறதாம். முக்கால் மணி நேரம் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, நாங்கள் வியர்த்துக்கொண்டே இருந்தோம்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். பழம் சுடச்சுட இருந்தது. தோல் ஒரு பக்கம் கறுத்திருந்தது. அந்த வாசனை மேலே வந்து முகத்தில் மோதியது. டீசல், வெந்த பழம், சூடான தூசி. அது அப்பா வீட்டுக்குள் நுழையும்போது வருகிற வாசனை. சாக்கை அவர் தோளிலிருந்து இறக்கும்போது வருகிற வாசனை.

பையை மேடையில் வைத்தேன். பிறகு அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு சத்தம்போட்டுச் சிரித்தேன். அந்தச் சீப்பு அத்தனை வருடமும் சீட்டுக்கு அடியில் வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். சீட்டுக்கு அடியில் எங்கே இடம்? பானெட்டில் உட்கார்ந்து மலை ஏறி, பானெட்டில் உட்கார்ந்து மலை இறங்கி வந்திருக்கிறது. மனிதர் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வதற்கு முன்பே பாதிச் சமையலை எஞ்சின் முடித்துவிட்டது. கைமணமாம், கைமணம்!

அன்றைக்குச் செய்த களியை அம்மா மூன்று கரண்டி சாப்பிட்டாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கி மேலே பார்த்து, "கிட்ட வந்துட்ட. ஆனா என்னமோ ஒண்ணு குறையுது" என்றாள். நான் பேச்சுவார்த்தையை முறித்திருந்த தம்பிக்கு உடனே போன் போட்டேன். எங்கள் வீட்டில் அந்த மலைப் பஸ்ஸில் போயிருந்தது அவன் மட்டும்தான், ஒரே ஒரு தடவை. பிள்ளைகள் வளைவில் வாந்தி எடுக்கும் என்று அப்பா கூட்டிப் போகவே மாட்டார். கூட்டிப் போன அந்த ஒரு தடவையும் அப்பா சொன்னதை இவன் நிரூபித்துவிட்டு வந்தான்.

"வாந்தியத் தவிர வேற என்னமும் ஞாபகம் இருக்கால?" என்று கேட்டேன்.

"குளிரு, யக்கா. மேல ராத்திரி பல்லு தட்டும்லா. காலைல பஸ்ஸத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். குளிர்பதனக் கிடங்கு சூப்பர்வைசர் அல்லவா, மூளை வேலை செய்துவிட்டது. "யக்கா! சூடு, குளிரு, பெறவு சூடு! அதான் விஷயம்! ராத்திரி பிரிட்ஜுல வையி, காலைல திருப்பி பஸ்ஸுல ஏத்து!" சார்ஜாவில் அவன் பக்கத்தில் யாரோ என்னவென்று கேட்பது எனக்கே கேட்டது.

மேலே கொண்டுபோய்த்தான் குளிர வைக்கவேண்டும் என்று இல்லை. தேயிலை எஸ்டேட்டை மூடி, வேலை பார்த்த ஆட்களே கீழே இறங்கிவிட்டார்கள், நான் பழத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? பிரிட்ஜே போதும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் பஸ்? மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அதே டிரைவர் தம்பியைப் பிடித்தேன். ஒரு சீப்புப் பழத்தைக் காட்டி, இதை இன்று முழுக்கப் பானெட்டில் வைத்து ஓட்டவேண்டும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வேன் என்றேன். அவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யக்கா, இது பஸ்ஸா, அடுப்பா?"

அம்மா சாப்பிடாததைச் சொன்னேன். அப்பா மலை வண்டி ஓட்டியதைச் சொன்னேன். டிரைவர் தம்பியின் முகம் மாறிவிட்டது. "மாஞ்சோலை வண்டியா? அந்த வளைவுல ஓட்டுன ஆளா?" என்று கேட்டவர், ஏதோ அப்பாவே நேரில் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொண்டாங்க. ஆனா இப்படி வெறுமனே வைக்கப்படாது, ஒரு பக்கம் வெந்துரும். சாக்கு வேணும். எங்க தூக்குச்சட்டியெல்லாம் இதுலதான் சூடா வச்சிருப்போம், எங்களுக்குத் தெரியாதா?" அவரே சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை எடுத்து, பிள்ளைக்குத் துணி சுற்றுவதுபோலச் சுற்றி, தன் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட் இல்ல. பழத்துக்கு உண்டு" என்றார். நானும் எதற்கு வம்பு என்று லக்கேஜ் டிக்கெட் எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தார். அந்த டிக்கெட் இன்னும் என் பையில் இருக்கிறது.

முதல்நாள் சுற்று முடிந்தது. அன்று ராத்திரி பழம் பிரிட்ஜில் தூங்கியது. மறுநாள் காலை இரண்டாம் சுற்றுக்காக மறுபடி பானெட்டில் ஏற்றிவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வரை எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு மனுவில் விண்ணப்பதாரர் பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஏத்தன் என்று எழுதப்போய் சுதாரித்துக்கொண்டேன். ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டிரைவர் தம்பி நின்றிருந்தார். ஆனால் வேறு வண்டிக்குப் பக்கத்தில், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"யக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. மத்தியானம் திடீர்னு வண்டிய மாத்திட்டாங்க. நான் சாப்பிடப் போயிருந்தேன். அந்த வண்டி நாங்குநேரிக்குப் போயிட்டு."

"பழம்?"

"பழமும் போயிருக்கு."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் உடனே அந்த வண்டிக் கண்டக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "வே, பானெட்டுல ஒரு சாக்கு இருக்கும். அதத் தொடப்படாது. ஒரு அம்மாவுக்கு மருந்து அது."

"மருந்தா?" என்றது அந்தக் குரல். "வண்டி பூரா கல்யாண வீட்டு வாசமா இருக்கு வே. எல்லாரும் என்னது என்னதுன்னு என்னயப் போட்டு எடுக்காங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"உள்ளதச் சொல்லும்" என்றார் டிரைவர் தம்பி. முழுக் கதையையும் அவரே ஸ்பீக்கரில் சொன்னார்: மலை வண்டி டிரைவர், அவர் சம்சாரம், செத்த நாக்கு, எல்லாம். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அக்காகூட வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். பழம் அழுகிப்போயிருக்குமோ, யாராவது தூக்கிப் போட்டிருப்பார்களோ என்று, வருகிற ஒவ்வொரு வண்டியின் போர்டையும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து நாங்குநேரி வண்டி வந்து நின்றது. இறங்கியவர்கள் யாரும் நேராகப் போகவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். "பழத்துக்காரி நீங்கதானா?" என்று ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்குநேரிப் பெருமாள் கோயில் துளசிம்மா, சாக்குக்குள்ள சொருகி வச்சிருக்கேன். உங்கம்மா சாப்பிட்டாளா இல்லையான்னு இந்தக் கண்டக்டர்கிட்டயாவது சொல்லிவிடு. எனக்குத் தெரியணும்." பின்னால் வந்த கண்டக்டர் தலையைச் சொறிந்தபடி சாக்கை நீட்டினார். "ரெண்டு பழம் குறையும். ஒரு பெரியவருக்குச் சுகர் எறங்கிட்டு. ஒண்ணு அவருக்கு." இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் மீசை ஓரத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

சாக்கைத் திறந்தேன். டவுன் பஸ் நின்று நின்று போகிற வண்டி, பானெட் சூடு ஏறுவதும் ஆறுவதுமாக இருக்கும். நாங்குநேரி ரோட்டில் அப்படி இல்லை, நாற்கரச் சாலையில் போகவர ஒரே மிதி. பழம் முழுக்கக் கறுத்து, காம்பைத் தொட்டால் தோல் தானாகக் கழன்றது. உள்ளே தேன் நிறம். நானாகத் திட்டம் போட்டிருந்தால் இந்தப் பக்குவம் ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

வீட்டில் தம்பியை வீடியோவில் கூப்பிட்டு, போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தேன். வீட்டுக்காரர் தேங்காய் துருவினார். சுக்கும் போடவில்லை, சாதிக்காயும் போடவில்லை. பழம், பாகு, பால், நெய். அப்பா செய்ததுபோலவே அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொதி வந்ததும் அந்த வாசனை கதவிடுக்கு வழியாகப் போய் அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டது. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு உள்ள?" என்றாள் அம்மா. அப்பாதான் உள்ளே இருக்கிறார் என்பதுபோல இருந்தது அந்தக் குரல்.

கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். ஒரு கரண்டி. அம்மா கண்ணை மூடினாள். இரண்டாவது கரண்டி. மூன்றாவது. போனில் தம்பி, "என்ன சொல்லுதா? யக்கா, என்ன சொல்லுதா?" என்று கத்திக்கொண்டிருந்தான். கிண்ணம் காலியானது. அவள் விரலால் ஓரத்தை வழித்து நக்கினாள். ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக.

"இதுதான்" என்றாள். "இதேதான். என்னத்தப் போட்ட?"

வீட்டுக்காரர் கைதட்டினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பானெட், வண்ணார்பேட்டை லாரி, பிரிட்ஜ், நாங்குநேரி, துளசி, கண்டக்டர் மீசை. அம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"அப்ப நாப்பது வருசமா அந்த மனுசன் கைமணம் கைமணம்னு சொன்னது?"

"எஞ்சின்தாம்மா."

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அடக்கமாட்டாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வளையல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓட ஓடச் சிரித்தாள். "கதவ வேற சாத்துவாரே! கோட்டிக்கார மனுசன்! கதவ வேற சாத்துவாரே!" சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. எனக்கு வந்தது சிரிப்பினால் இல்லை.

சிரிப்பு அடங்கியதும் அம்மா சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். காக்கிச் சட்டையோடு மனிதர் கம்பீரமாக இருந்தார். அவள் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏட்டி, இத அவருக்குத் தெரிய விட்டுராத. தாங்க மாட்டாரு."

பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி வையி."